‘ஜாக்கிரதை’ என்று பலகை மாட்டினால் போதுமா?

தோட்டத்திலோ ஆலையிலோ துறைமுகத்திலோ ஒரு தவறு நேர்ந்துவிட்டால் மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்பதை நம் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிரட்டுக் களத்தில் ஒரு பிரசங்கம் நடக்கும். "எல்லோரும் கவனமாக வேலை செய்ய வேண்டும்" என்று துரையோ சின்னத் துரையோ சொல்லிவிட்டுப் போவார். ஆபீஸ் சுவரில் ‘ஜாக்கிரதை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை ஏறும். அந்தத் தவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றவர் எவரோ அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். இல்லையென்றால் அவருடைய கூலியில் கை வைப்பார்கள். அத்துடன் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே தவறு இன்னொருவர் கையால் நடக்கும். மறுபடியும் பிரசங்கம்; மறுபடியும் பலகை.

இதைப் பற்றி நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு விதமான பேச்சு உண்டு. "தொழிலாளி கவனக் குறைவாக இருந்தால் அதற்குச் சங்கம் பரிந்து பேசலாமா? ஒழுங்கு இல்லாதவனுக்கு உரிமை எதற்கு?" என்று கேட்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். "எது நடந்தாலும் அது நிர்வாகத்தின் குற்றம், நம்மவர்மேல் தப்பே கிடையாது" என்று மேசையைக் குத்தும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நாம் இரு சாராரையும் மதிக்கிறோம். ஆனால் இரண்டு பேச்சுமே பலகை மாட்டுகிற பேச்சுத்தான் என்பது நம் அபிப்பிராயம். ஒருவர் பலகையைத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டுகிறார். மற்றவர் துரையின் கழுத்தில் மாட்டுகிறார். தவறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மனிதனுடைய கவனம் கேணித் தண்ணீரைப் போன்றது. இறைக்க இறைக்க வற்றும்; ஓய்வு கொடுத்தால் ஊறும். வற்றிய கேணியைப் பார்த்து "ஊறு, ஊறு" என்று சத்தம் போட்டு எவரும் தண்ணீர் எடுத்ததில்லை. கவனத்தையும் அடக்கத்தையும் ஒரு மனிதனுடைய மனத்தில் மட்டும் வைக்காமல், வேலை நடக்கும் முறையிலேயே வைத்துக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். நம் தோழர்கள் பலர் மூட்டை முடிச்சுகளோடு ஏறி இறங்கிய இடத்திலேயே அது நடந்தது.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் இரயில் நிலையத்தைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் அபூர்வம். 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில் நான்கு பெரிய சலவைக்கல் சிலைகள் நிற்கின்றன. உழவு, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிப்பவை. உள்ளே உயர்ந்த கூடத்தின் சுவர்களில் மலாயாவின் தொழில்களைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். நெல் நடுவதும் ஈயம் தோண்டுவதும் மாட்டு வண்டியும் அங்கே உண்டு. பால்வெட்டும் உண்டு! டிக்கெட் வாங்கக் காசில்லாமல் நின்ற நம் முன்னோர்கூட, தலை நிமிர்ந்து பார்த்திருந்தால் சுவரில் தம் தொழிலைக் கண்டிருப்பார்கள். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்ற வண்டியோடு அந்த நிலையத்தின் இரயில் வாழ்வு முடிந்தது. கட்டடம் தேசியச் சின்னமாக நிற்கிறது. தண்டவாளம் போன வழி நடைபாதையாகிவிட்டது.

நாம் சொல்ல வந்தது சிலையைப் பற்றியன்று; ஒரு சாவியைப் பற்றி.

தஞ்சோங் பகாரிலிருந்து புக்கித் தீமா வழியாக உட்லண்ட்ஸ் போகும் பாதை ஒற்றைத் தண்டவாளம். மேலே போகும் வண்டிக்கும் கீழே வரும் வண்டிக்கும் ஒரே இரும்பு. நேருக்கு நேர் இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்க அங்கே வைத்திருந்த ஏற்பாடு என்ன தெரியுமா? ‘டிரைவரே, எதிரே வண்டி வருகிறதா என்று ஜாக்கிரதையாகப் பார்’ என்ற பலகையன்று. ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் டோக்கன் எனப்படும் சாவிகள். பக்கத்து நிலையத்தில் இருப்பவர் தம் பெட்டியின் விசையை இயக்கிச் சம்மதம் கொடுத்தால்தான் இந்த நிலையத்துப் பெட்டி ஒரு சாவியைக் கொடுக்கும். ஒரு சாவி வெளியே வந்துவிட்டால், அது மறுபடியும் ஏதாவது ஒரு முனையில் பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு சாவி வராது. கெஞ்சினாலும் வராது, அதட்டினாலும் வராது. சாவி கையில் இல்லாத டிரைவர் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது. புக்கித் தீமாவில் நிற்காமல் போகும் வண்டிகளுக்கு, நிலையத்து ஊழியர் மேடையில் நின்று பெரிய வளையத்தில் கோத்த பையை நீட்டுவார்; ஓடும் வண்டியிலிருந்து அதைக் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்; முந்தின பகுதியின் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கடைசி நாள்வரையில் இந்த முறைதான் நடந்தது.

தோழர்களே, இதில் உள்ள நியாயத்தைக் கவனியுங்கள். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இரவெல்லாம் கண் விழித்தவராக இருக்கலாம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். மேலதிகாரி "வண்டி ஏன் தாமதம்?" என்று போனில் கத்திக்கொண்டிருக்கலாம். அவர் மனம் தடுமாறினாலும் பெட்டி தடுமாறாது. அவருடைய கவனத்துக்குப் பெட்டி துணை நிற்கிறது; அவருடைய அடக்கத்துக்கும் அதுவே துணை. ஒரு மனிதன் ஒற்றையாகச் சுமக்க வேண்டிய பாரத்தை இரண்டு மனிதரும் இரண்டு கருவிகளும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த முறை எப்படிப் பிறந்தது என்பதைக் கிராணிமார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது எழுத்து வேலை செய்பவர்களின் ஒரு தவற்றிலிருந்து பிறந்தது. 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகரத்துக்கு அருகே தோர்ப் என்னும் இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25க்குக் குறையாத உயிர்கள் போயின. நடந்தது இதுதான். வண்டி ஒன்று தாமதமாக வருகிறது. எதிர்ப்பக்கத்து வண்டியை முதலில் வரச் சொல்லலாமா என்று யோசனை. இரவு மேற்பார்வையாளர் தந்திக் குமாஸ்தாவிடம் ஒரு செய்தியைச் சொல்கிறார். மேற்பார்வையாளர் கையொப்பம் இட்ட பிறகே தந்தி போக வேண்டும் என்பது விதி. கையொப்பம் இல்லாமலே தந்தி போய்விட்டது. எதிர் நிலையத்தார் வண்டியை விட்டார்கள். செய்தி போனதை அறியாமல் இந்தப் பக்கத்திலும் வண்டியை விட்டார்கள். "நிறுத்து" என்று மறு தந்தி அடிப்பதற்குள் "வண்டி புறப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தது.

பிறகு? வழக்கு நடந்தது, மேற்பார்வையாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நம் ஊர் வழக்கப்படி அத்துடன் கோப்பைக் கட்டியிருப்பார்கள். ஆனால் எட்வர்டு டையர் என்ற பொறியாளர் வேறு விதமாகக் கேட்டார். ‘கையொப்பம் வாங்க வேண்டும்’ என்ற விதி இருந்தும் அது மனிதனுடைய நினைவை நம்பித்தானே நின்றது. நினைவு தவறினாலும் இரண்டாவது வண்டி போக முடியாதபடி செய்ய வழியென்ன என்று பார்த்தார். 1878இல் அவர் செய்த கருவிதான் நாம் மேலே சொன்ன பெட்டியின் மூதாதை. சிறைக்குப் போன மேற்பார்வையாளரால் அடுத்த விபத்து நிற்கவில்லை. பெட்டியால் நின்றது.

இப்படிப்பட்ட பெட்டி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் தஞ்சோங் பகார் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நிலையத்துக்கு மேற்கே கெப்பல் துறைமுகம். 1983ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் மாலை, ‘எனிவெடோக்’ என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலை அங்கிருந்து வெளியே கொண்டுபோனார்கள். அதன் நடுவில் 69 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கோபுரம். துறைமுகத்துக்கு மேலே செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார்க் கம்பி. கோபுரம் கம்பியில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. 7 பேர் மாண்டார்கள். அந்தரத்தில் தொங்கிய பெட்டிகளில் மாட்டிக்கொண்ட 13 பேரை ஹெலிகாப்டர் கொண்டு விடியற்காலம்வரை மீட்டார்கள். விசாரணையில் இது மனிதத் தவறுகளின் விளைவு என்றே முடிவாயிற்று. கப்பலில் அதிகாரிகள் இருந்தார்கள்; துறைமுகத்தின் வழிகாட்டி இருந்தார்; இழுவைப் படகுகள் இருந்தன. ஆனால் கோபுரத்தின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, ‘போகலாம்’ என்ற பிறகே கயிற்றை அவிழ்ப்பது என்று கையைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு நடக்கவில்லை. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பத்து மடங்கு கவனம் இருக்கும் என்று நினைப்பது பிசகு. ‘இன்னொருவர் பார்த்திருப்பார்’ என்று ஒவ்வொருவரும் நினைத்தால் பத்துப் பேரின் கவனமும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகிறது.

இனி நம் நிரைக்கு வருவோம்.

பால்வெட்டு முரட்டு வேலை என்று வெள்ளைச் சட்டைக்காரர்கள் நினைக்கிறார்கள். அதைவிட அறியாமை வேறில்லை. ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில், தண்டுக்கு நெருக்கமாகத்தான் நிறைய இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரம் வளர்வதற்குக் காரணமான மெல்லிய தோல். கத்தி அந்தத் தோலைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிற்காலத்தில் அங்கே கத்தி ஓடாது. ஆகவே தோலுக்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். குறைவாக வெட்டினால் பால் வராது. கூடுதலாக வெட்டினால் மரம் கெடும். சீவும் பட்டையின் கனமும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சரிவு மாறக் கூடாது. இவ்வளவையும் விடியுமுன் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், வழுக்கும் மண்ணில், மரத்துக்கு மரம் ஓடி, ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும்! பொற்கொல்லர்கூட உட்கார்ந்து வேலை செய்கிறார்.

1948இல் நார்மன் மேக்வொர்த் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். போர்க் காலத்தில் ராடார் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் கண்ணெதிரே தெரிந்த புள்ளியையும் தவறவிட்டார்கள். காரணம் என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் கடிகார முள்போன்ற ஒன்று துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். இருந்தும் முதல் அரை மணி நேரம் கழிந்தவுடனேயே தவறவிடுவது அதிகமாயிற்று. சோம்பேறித்தனமன்று, மனித மூளை அமைந்த விதம் அது. அரை மணி நேரத்தில் நாற்காலியில் இருந்தவனுக்கே வற்றுகிற கவனம், நானூறாவது மரத்தில் நம் அக்காமாருக்கு எப்படி நிறைந்திருக்கும்?

அடக்கத்தைப் பற்றி இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும் என்று மேலே சொன்னோம். காயம் தெரிவதோ பிறகு. கூலியோ பல இடங்களில் கிலோக் கணக்கு. அப்படியானால் நிர்வாகம் ஒரு கையால் ‘ஆழமாக வெட்டு’ என்று கூலிப் புத்தகத்தைக் காட்டி இழுக்கிறது. மறு கையால் ‘ஏன் காயம்?’ என்று அடிக்கிறது. வீட்டில் அரிசி குறைந்திருக்கும் மாதத்தில் ஒரு மில்லிமீட்டர் அடக்கத்தை எவன் காப்பான்? காப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரை இப்படிப்பட்டவர்களின் புண்ணியத்தில் விட்டுவைப்பது நிர்வாகம் ஆகாது.

தண்டவாளத்தில் இருந்த சாவியைப்போல நம் மரத்திலும் ஏதாவது உண்டா என்று கேட்டால், உண்டு. நல்ல தோட்டங்களில் வெட்டுமுகத்தின் சரிவைத் தகடு வைத்து முன்னமே கீறி, இத்தனை மாதத்துக்கு இவ்வளவு பட்டை இறங்கலாம் என்று கோடும் போட்டு வைப்பார்கள். அந்தக் கோடு சாமானியமன்று. களைத்த கண்ணுக்கு அது பேசும். உண்மையில் பால்வெட்டு என்ற கலையே இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். பிரேசில் காட்டில் சிறு கோடாரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாயிற்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, 1890களில், பழைய வெட்டையே மெல்லியதாகச் சீவிச் சீவித் திறந்தால் மரம் கெடாமல் நாளும் பால் தரும் என்று கண்டு காட்டினார். ‘மெதுவாகக் கொத்து’ என்று அவர் பலகை எழுதவில்லை. கொத்தும் முறையையே மாற்றினார். அவருடைய கண்டுபிடிப்பினால் கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகளுக்கு அதன் தத்துவம் மட்டும் மறந்துபோனது வேடிக்கை. கோடு போட ஆள் வைப்பது செலவு என்று சில இடங்களில் அதையும் விட்டுவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி இருப்பவர் தலையில் மரத்தைக் கூட்டுவதோ ஒரு நாளும் நிற்கவில்லை.

கிராணிமாரின் பக்கத்தையும் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஓரவஞ்சனை ஆகும். செக்ரோலில் ஒரு புள்ளி மாறினால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு மாறும். பாலை நிறுத்து, மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, காய்ந்த ரப்பர் இவ்வளவு என்று எழுதும் இடத்தில் மூன்றும் எட்டும் தடுமாறினால் அதே கதை. மாத முடிவில் இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிப்பவரிடம் ‘ஜாக்கிரதை’ என்று சொல்வதைப் போன்ற கேலி இல்லை.

எழுத்து வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் சிங்கப்பூரில் பீஷான் நிலையத்துக்கு அருகே எம்.ஆர்.டி. சுரங்கத்தில் மழைநீர் புகுந்து, ஏறக்குறைய 20 மணி நேரம் வண்டி ஓடவில்லை. தண்ணீரை இறைக்க வேண்டிய பம்புகள் வேலை செய்யவில்லை. விசாரித்துப் பார்த்தால், பம்புகளைப் பராமரித்ததாகப் பல மாதம் ஏட்டில் எழுதியிருக்கிறது, பராமரிப்போ நடக்கவில்லை. எழுதியவர்கள் செய்தது குற்றந்தான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வி. வெறும் கையொப்பத்தை மட்டும் கேட்கும் பாரம், கையொப்பத்தைத்தானே பெற்றுத் தரும்? ‘பார்த்தேன்’ என்பதற்குப் பதிலாக, ‘தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர், பம்பு எத்தனை நிமிஷம் ஓடிற்று’ என்று கேட்கும் பாரம் மனிதனைச் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். நம் நிறுவைக் களத்துக்கும் இதுவே பொருந்தும். எடையைக் கிராணி உரக்கச் சொல்ல, பால்காரர் திருப்பிச் சொல்ல, அவர் கண்முன்னே எழுதி, அப்பொழுதே துண்டு கிழித்துக் கொடுத்தால் மாத முடிவில் சண்டைக்கு இடமேது?

உரக்கச் சொல்வதா, சிறு பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலவா என்று சிரிப்பவர்கள் இருக்கலாம். ஜப்பானிய இரயில்வேக்காரர்கள் சிரிப்பதில்லை. அங்கே டிரைவர் கைகாட்டியை விரலால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த காரியம் செய்வார். வண்டியில் தனியாக இருந்தாலும் சொல்வார். 1994இல் அவர்களுடைய இரயில்வே ஆராய்ச்சிக் கழகம் இதைச் சோதித்தது. ஒன்றும் செய்யாமல் வேலை பார்த்தபோது நூறு செய்கைக்கு 2.38 தவறு, சுட்டிக்காட்டிச் சொன்னபோது 0.38. கண், விரல், வாய், காது நான்கும் ஒரே இடத்தில் கூடும்போது மனம் வேறெங்கும் ஓட இடமில்லை. காசு செலவில்லாத கருவி இது. நம் ஸ்டோரிலும் புகைக் கூண்டிலும் அமிலம் கலக்கும் இடத்திலும் நாளைக்கே இதைத் தொடங்கலாம். துரையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். தொழிலாளி தானாகச் செய்துகொள்ள வேண்டியதும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இருந்தாலும் கருவியும் முறையும் வந்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நாம் சொல்லவில்லை. அதே ஜப்பானில் 1991ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், ஷிகராக்கி என்ற ஊருக்குப் போகும் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் மோதி 42 பேர் மாண்டார்கள். கைகாட்டி சிவப்பாகவே நின்றுவிட்டது. மாறவில்லை. ஊரில் பெரிய கண்காட்சி, வண்டி நிறையக் கூட்டம், நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கைகாட்டி மறுத்தால் செய்ய வேண்டிய சோதனைகளை முழுவதும் முடிக்காமல் வண்டியை விட்டுவிட்டார்கள். கருவி ‘போகாதே’ என்றது. அவசரம் ‘போ’ என்றது. அங்கே நின்ற ஊழியருக்கு அவசரத்தின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இதுதான் நம் பேச்சின் உயிர்நிலை. ஒரு தொழிலாளி சந்தேகம் வந்தபோது நின்றால், அந்த நிற்றலுக்கு யார் விலை கொடுப்பது? சாவி வராமல் வண்டி நின்றால் புக்கித் தீமா ஊழியருக்குச் சம்பளம் குறையவில்லை. அதனால் அவரால் நிற்க முடிந்தது. பால்வெட்டுபவர் கத்தி மழுங்கிவிட்டது என்று தீட்ட நின்றால், மரம் நனைந்து வழுக்குகிறது என்று காத்திருந்தால், அன்றைய கிலோ குறையும்; கூலி குறையும். கிராணி கணக்கில் சந்தேகம் என்று ஒரு மணி நேரம் தாமதித்தால் ‘வேலை தெரியாதவன்’ என்ற பேர் கிடைக்கும். நிற்பவனுக்குத் தண்டனையும் ஓடுபவனுக்குக் கூலியும் கொடுக்கும் இடத்தில் அடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எவருக்கும் வாய் கிடையாது.

ஆகவே கூலி உயர்வு, போனஸ் ஆகியவற்றோடு இதையும் சங்கம் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது நம் வாதம். காயத்துக்காகக் கூலியில் பிடிப்பது ஒழிய வேண்டும். அதற்குப் பதிலாக எந்த மரத்தில், எந்த நேரத்தில், எத்தனையாவது மரத்தில் காயம் விழுகிறது என்று மாதந்தோறும் நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து பார்க்க வேண்டும். கடைசி நூறு மரத்தில்தான் காயம் அதிகம் என்று தெரிந்தால் குற்றவாளி மனிதனல்லன், எண்ணிக்கை. சாய்வான நிலத்துக்கும் சமநிலத்துக்கும் ஒரே மரக் கணக்கு கூடாது. நடுவில் ஒரு முறை உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கால் மணி நேரம் வேண்டும். அது சலுகையன்று, கத்தியைத் தீட்டுவதுபோல வேலையின் ஒரு பகுதி. வெட்டுமுகத்தில் கோடு போடுவதை மீண்டும் கட்டாயமாக்க வேண்டும். தன் தவற்றைத் தானே முதலில் வந்து சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்தை நிர்வாகம் எளிதில் ஒப்புக்கொள்ளாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் சொன்னால் அடி என்றால் எவனும் சொல்ல மாட்டான்; சொல்லாத தவறு மரத்துக்குள்ளேயும் கணக்குக்குள்ளேயும் புதைந்து கிடக்கும்.

மேலே நாம் குறிப்பிட்ட மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை. இந்தக் கோரிக்கையால் ஒழுங்கு கெடும் என்று அஞ்ச வேண்டாம். குடித்துவிட்டு வருபவருக்கும், கோடு இருந்தும் வேண்டுமென்றே மீறுபவருக்கும், வேலை செய்யாமலே கையொப்பம் போடுபவருக்கும் நாம் பரிந்து பேசப் போவதில்லை. களைத்தவரையும் கள்ளரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும் பால்வெட்டுத் தோழர்கள் தத்தம் நிரையில் எத்தனை மரம், எத்தனை மணிக்குக் கத்தி எடுத்தார்கள், எத்தனை மணிக்கு மங்கு எடுத்து முடித்தார்கள் என்று ஒரு வாரத்துக் கணக்கைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வரட்டும். கிராணித் தோழர்கள் மாத முடிவில் எத்தனை இரவு விளக்கடியில் இருந்தார்கள் என்பதை எழுதி வரட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கும். பேர் போட வேண்டியதில்லை. நிரை எண் போதும். அந்தக் காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் செயலாளர் பேச்சுவார்த்தை மேசைக்குப் போக வேண்டும்.